ஆறாவது மடிப்பு

ரஞ்சன்காவ் ஆலையின் மடிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் பின்கழுத்தில் வியர்க்கும், நினைத்து வைத்தது ஒன்றும் நாக்குக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது புனேவில் இருக்கிற கட்கியில், ஐந்தாம் வகுப்பு வரை, தமிழில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று கேள்விப்பட்டேன். என் வீட்டிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெஷினை எப்படி ஓட்டுவது, எங்கே எண்ணெய் போடுவது என்பதெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லுவார். அதற்கு நான் தேவையில்லை. முப்பது வருஷம் காகிதத்தோடு இருந்துவிட்டு, தோள்பட்டை தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் போன வருஷம் நின்றுவிட்டவன் நான். என்னிடம் இருப்பது ஒரு தாளை ஆறாவது தடவை மடித்த கதை. அதில் யார்மேல் தப்பு, எவ்வளவு தப்பு என்று இன்று வரைக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபடாததை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்போது நான் சாகண் போகிற சாலையில் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் சின்னதாக மடித்து ஒரு தாள் இருக்குமே, எத்தனை சொட்டுக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அந்தத் தாள்தான் எங்கள் பிழைப்பு. கட்டிங் மெஷினில் நான். மடிப்பு மெஷினில் விலாஸ். அவன் சாங்க்லி பக்கத்துக்காரன், என் வயதுதான். பதினெட்டு வருஷமாக அந்த ஒரே மெஷினில் நின்றவன். தாள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த ரோலரில் தூசி என்று சொல்லுவான். அவன் என்னை அண்ணா என்பான். வயதுக்காக இல்லை, தெற்கே இருந்து வந்த எல்லோரும் அங்கே அண்ணாதான். நான் அவனை விலாஸ் பாவ் என்பேன், மராட்டியில் சகோதரன் என்று அர்த்தம். நாங்கள் பேசிக்கொண்டது ஹிந்தியும் மராட்டியும் கலந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கட்டிங் தவிர இன்னொரு வேலையும் என்னிடம் இருந்தது. புது ஆர்டர் வந்தால் மெஷினில் ஓட்டுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு தாளைக் கையால் மடித்து, வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் அளவு. அதற்கு அப்புறம் அச்சாகிற லட்சம் தாளும் அது மாதிரியே வர வேண்டும். அந்த டம்மியை நான்தான் செய்வேன். கை சுத்தம் என்று எங்கள் முதலாளி சேட் சொல்லுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சேட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுகன்யா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குழந்தைகளுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்து ஒன்று, அதன் தாளில் இன்னும் நாலு மொழி சேர்க்க வேண்டியிருந்தது. எழுத்து கூடியதால் தாள் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. ஆனால் பெட்டி அதே பெட்டி. பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன இடுக்கில்தான் தாள் போக வேண்டும். பழைய தாளுக்கு ஐந்து மடிப்பு. மடித்து முடித்தால் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இருக்கும். புதுத் தாளை அதே அகலத்துக்குக் கொண்டுவர இன்னொரு மடிப்பு வேண்டும். வருமா என்பதுதான் கேள்வி.

சேட்டும் அவளும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாதிரித் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். அந்த அறையில் நான் எப்போதும் நிற்கிற இடம் அது. என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் நிம்மதியாக நிற்பேன். திடீரென்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்ணா, நீங்க தமிழுங்களா?"

ஆமாம் என்றேன். எந்த ஊர் என்று கேட்டாள். கட்கி என்றேன். அதுக்கு முன்னாடி என்றாள். தாத்தா ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர் என்றேன். அவள் கோயம்புத்தூர். புனேவுக்கு வந்ததிலிருந்து ஆபீஸில் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் தாளைத் தொட்டுக் காட்டி, சேட்டை விட்டுவிட்டு, என்னைக் கேட்டாள்.

"இன்னொரு மடிப்பு வருமுங்களா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் என் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனையோ வருஷம் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறேன். வருமா வராதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. அதுவும் தமிழில், அண்ணா என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படித்த பெண். எனக்குள் ஒரு கணக்கும் ஓடியது. தாள் இரண்டு மடங்கு. மடிப்பு ஒன்று கூடுதல். மடித்தால் பழைய அளவு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"வரும்மா," என்றேன்.

மெஷினில் மடிக்கப் போகிறவன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடலாம் என்று சொல்லவில்லை. அது என் நினைவுக்கே வரவில்லை.

அன்று மத்தியானமே டம்மி வேண்டும் என்றார்கள். ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிய தாள் அது. முதல் மடிப்பு, இரண்டு, மூன்று, கை தானாகப் போயிற்று. நாலு. ஐந்தாவதில் கொஞ்சம் முரண்டியது. ஆறாவது மடிப்பை இரும்பு ஸ்கேலை வைத்துத் தேய்த்து மடித்தேன். மடிந்தது. ஸ்கேலை எடுத்ததும் மெதுவாக வாயைத் திறந்தது. மறுபடி தேய்த்தேன். மறுபடி திறந்தது. உள்ளேயிருந்து சேட் ஆயிற்றா என்று குரல் கொடுத்தார்.

பக்கத்தில் என் கட்டிங் மெஷின். கத்தி இறங்குவதற்கு முன்னால் தாள் அடுக்கை அசையாமல் அமுக்கிப் பிடிக்க ஒரு பெரிய இரும்புக் கட்டை இறங்கும். பெடலை மிதித்தால் அது மட்டும் இறங்கும், கத்தி இறங்காது. டம்மியை அதற்கடியில் வைத்து அமுக்கினேன். இது நான் அன்று கண்டுபிடித்த தந்திரம் இல்லை. எந்த டம்மியையும் நாங்கள் அப்படித்தான் அமுக்கிக் கொடுப்போம். காட்டுகிற பொருள் கசங்காமல், விளிம்பு நறுக்கென்று இருக்க வேண்டும் என்பதற்காக. வெளியூர் போகிற சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரிதான். இரண்டு மூன்று மடிப்புத் தாளுக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

டீ குடித்துவிட்டு வந்து எடுத்தேன். அப்பளம் மாதிரி இருந்தது. சுகன்யா அதைப் பெட்டிக்குள் பாட்டிலோடு வைத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு செய்திருந்தேன், இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை விலாஸின் மெஷினுக்கு எதிரே பலகையில் குத்தி வைத்தோம். எனக்கு அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது கூடத் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சோதனைக்காக ஐந்நூறு தாள் ஓட்டினான் விலாஸ். ஐந்தாவது மடிப்பு வரை ஒழுங்கு. ஆறாவதில் மெஷின் சத்தமே மாறிற்று. வெளியே விழுந்த தாள்கள் தட்டில் விழுந்த உடனே கோழிக்குஞ்சு மாதிரி வாய் பிளந்தன. சிலதில் வெளித்தாள் மடிப்போரத்தில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்த மடிப்புகள் சுருங்கிக் கிடந்தன. எடுத்துப் பெட்டியில் திணித்தால் பெட்டி வயிறு உப்பியது.

விலாஸ் மெஷினை நிறுத்திவிட்டுப் பலகையிலிருந்த டம்மியை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா, இது எப்படி வந்துச்சு?"

"கையாலதான்," என்றேன்.

அது பொய் இல்லை. கையால்தான் மடித்தேன். அமுக்கியதைச் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லா டம்மியையும் அமுக்குவோம் என்று அவனுக்கும் தெரியும். அவன் அதை நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அன்று எனக்கும் மெஷின்மேல்தான் சந்தேகம் என்று சத்தியமாகச் சொல்லுகிறேன். கையால் வந்தது மெஷினில் ஏன் வரவில்லை? மெஷினுக்கு என் கையைவிட பலம் அதிகம்தானே? அவன் ரோலர்களின் இடைவெளியை மாற்றினான், வேகத்தைக் குறைத்தான். மாலை வரைக்கும் பிளந்த வாய் மூடவில்லை.

வீட்டுக்குப் போனதும் அன்றைய மராட்டி பேப்பரில் ஒரு முழுத் தாளை எடுத்து மடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரைக்கும் போயிற்று. ஏழாவது வரவில்லை. சரி, பேப்பர் சின்னது என்று நினைத்தேன். பெரிதாக எது இருக்கிறது என்று பார்த்தால் துவைத்த கட்டில் விரிப்பு. என் மனைவி சாந்தியை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். துணி மடிக்க நானே வருவது அவளுக்கு அதிசயம். பிடித்தாள். ஐந்தாவது மடிப்பில் அது மூட்டை மாதிரி ஆகிவிட்டது. நான் அதன்மேல் முட்டி போட்டு அமுக்கினேன்.

"மடிக்கிறீங்களா, மல்லுக்கட்டறீங்களா?" என்றாள்.

"இன்னொரு தபா மடி."

"எதை மடிக்கிறது? தலகாணி ஆயிடுச்சு. இதும்மேல படுத்துத் தூங்கலாம்."

"இவ்ளோ பெரிய துணி. பேப்பரைவிட பெருசு. இன்னும் மடியணுமே."

"ஒவ்வொரு தபா மடிக்கிறப்பவும் அளவு பாதியாவுது, கனம் ரெண்டாவுது. ரெண்டையும் சேத்துப் பாக்க வேணாமா? பெருசு பெருசுன்னு ஒண்ணையே சொல்றீங்க."

நான் முட்டியை எடுத்தேன். விரிப்பு மெதுவாக உப்பி எழுந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இல்லை, விளங்கியது என்று சொல்லக் கூடாது. தாள் இரண்டு மடங்கு என்பதை மட்டும் எண்ணினேன், கனத்தை எண்ணவில்லை என்று தெரிந்தது. ஆனால் ஊதினால் பறக்கிற ஒரு தாள், ஆறே தடவையில் எப்படி இரும்பு ரோலரோடு சண்டை போடுகிற அளவுக்கு ஆனது என்பது தலைக்குள் ஏறவில்லை. இரண்டு, நாலு, எட்டு என்று விரல் விட்டு எண்ணினேன். ஆறாவது மடிப்பில் அறுபத்து நாலு தாள் வருகிறது. மறுபடி எண்ணினேன், அதேதான். எண் சரி. மனசு நம்பவில்லை. இன்றைக்கும் எண்ணுகிற போதெல்லாம் நடுவில் எங்கேயோ ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. மெஷினில் கோளாறு இல்லை. விலாஸ்மேலும் தப்பு இல்லை. என் டம்மி இரும்புக் கட்டைக்கு அடியில் டீ குடிக்கிற நேரம் முழுக்கக் கிடந்ததால்தான் அப்படி இருந்தது. லட்சம் தாளை ஒவ்வொன்றாக அப்படி வைக்க முடியாது.

காலையில் போனவுடன் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

போனபோது மெஷின் பாதி பிரிந்து கிடந்தது. எனக்கு முன்னாலேயே வந்து ரோலர்களைக் கழற்றி, துணி விரித்து அதன்மேல் வரிசையாக வைத்திருந்தான். கையெல்லாம் மசி. ஒவ்வொரு ரோலரையும் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை இடுக்கி, தேய்மானம் பார்த்துக்கொண்டிருந்தான். சேட் இரண்டு தடவை வந்து பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். பேசாமல் போவது அவர் திட்டுவதைவிட மோசம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் என் மெஷினில் தாளை அடுக்கினேன், நறுக்கினேன், அடுக்கினேன். இப்போது சொல்லலாம், இந்தக் கட்டு முடிந்ததும் சொல்லலாம். கட்டு முடிந்தது, இன்னொரு கட்டை எடுத்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் சப்பாத்தியை எடுத்து ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு மடித்து என்னிடம் நீட்டிக் காட்டினான்.

"இதைக்கூட ரெண்டு தடவைதான் மடிக்கலாம் அண்ணா. மூணாவதுக்கு வாய்தான்."

நான் சிரித்தேன். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"பதினெட்டு வருஷம் ஆச்சு. மெஷின் கெட்டுப்போயிருக்கணும், இல்ல என் கை கெட்டுப்போயிருக்கணும். உன் டம்மி அப்படி வந்திருக்கே. தாள்மேல பழி போட முடியாது."

"சாப்பிடு," என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஏன் அதைச் சொன்னேன்? சேட் திட்டுவார் என்ற பயமா? இருந்தது. ஆனால் அது பெரிதில்லை. வேலை போய்விடும் என்றா? அப்படியும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் கையெழுத்து அதில் இருந்தது, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு எண்ணம். கை சுத்தம் என்ற பெயர் போய்விடுமே என்று ஒரு எண்ணம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். தனித்தனியாக எடுத்தால் எதுவுமே வாயை மூடுகிற அளவுக்குக் கனமில்லை.

வியாழக்கிழமை விலாஸ் மெஷினைத் திரும்ப மாட்டி ஓட்டினான். அதே பிளந்த வாய். சுகன்யா வந்திருந்தாள். சேட் விலாஸை அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. மேஜைமேல் டம்மி ஒரு பக்கம், மெஷினில் வந்த தாள்கள் ஒரு பக்கம். சேட் குரலை உயர்த்தவில்லை. கையால் வந்திருக்கிறது, மெஷினில் வரவில்லை என்றார். ஐந்து மடிப்பு வரைக்கும் வந்ததெல்லாம் மெஷின் செய்தது, ஆறாவது மடிப்பு ஆபரேட்டர் செய்ய வேண்டியது என்றார். கண் மங்கிவிட்டதா, கை நடுங்குகிறதா என்று கேட்டார். சனிக்கிழமை வரைக்கும் வந்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள், நான் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

விலாஸ் தன் கையைத்தான் பார்த்தான். உள்ளங்கை, அப்புறம் புறங்கை. அந்த வயதில் அந்த மெஷின் தவிர வேறெதுவும் தெரியாதவனுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று நான் நினைத்ததைவிட, அவன் தன் கையைப் பார்த்த விதம்தான் என்னைத் தள்ளியது. ஏனென்றால் அவன் சேட் சொன்னதை நம்பினான். நான் பார்த்தேன். நம்பிவிட்டான்.

என் தட்டிலிருந்து மூன்று புதுத் தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். உள்ளே போய் நின்றதும் வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சேட் முன்னால் ஒரு தாளை வைத்தேன். சுகன்யா முன்னால் ஒன்று. என் கையில் ஒன்று. நான் மடிக்க ஆரம்பித்தேன். அவர்களும் மடிக்க வேண்டும் என்று கையைக் காட்டினேன். சேட் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். ஆனால் அந்தப் பெண் மடிக்க ஆரம்பித்ததும் அவரும் மடித்தார்.

ஐந்து வரைக்கும் எல்லோரும் ஒன்றாக வந்தோம். ஆறாவதில் சேட் கட்டை விரலால் அமுக்கினார், அப்புறம் முழங்கையை ஊன்றினார். அமுங்கியது. முழங்கையை எடுத்தார். எங்கள் கண் முன்னாலேயே அது மெதுவாக வாயைத் திறந்தது. சுகன்யாவுடையது பாதிகூட மடியவில்லை.

மேஜையிலிருந்த டம்மியைக் காட்டி நான் சொன்னேன். ஹிந்தியில் சொன்னேன், எல்லோருக்கும் புரிய வேண்டுமே. "இதை நான் கட்டிங் மெஷின்ல வெச்சு அமுக்கினேன். விலாஸ்மேல தப்பு இல்ல."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய இரண்டு வரி.

சேட் டம்மியை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தார். அப்புறம் விலாஸைப் பார்த்து, போய் மெஷினைப் பார் என்றார். அதற்கு அர்த்தம் அவன் வேலையில் இருக்கிறான் என்பது. மன்னிப்பு கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் சுகன்யா என் பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்ணா, அன்னைக்கே வராதுன்னு சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்க தமிழ்ல கேட்டீங்கம்மா. இல்லன்னு சொல்ல வரல."

அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. என்னையே பார்த்துவிட்டு, படிச்சவ நான், அறுபத்து நாலுன்னு எனக்குத் தோணியிருக்கணுமுங்க என்றாள். அவள் ஆபீஸில் என்ன சொல்லிச் சமாளித்தாளோ, சில வாரங்களில் பெட்டி அகலமாகிவிட்டது. தாள் ஐந்து மடிப்போடு நின்றது. இத்தனைக்கும் கடைசியில் வேண்டியிருந்தது இவ்வளவுதான். முதல் நாள் சுவரோரம் நின்றபோது பெட்டியைப் பெரிசாக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதோடு கதையை நிறுத்தினால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை விலாஸ் தானாகவே கணக்கை முடித்துக்கொண்டான். சேட் இருக்கச் சொன்னார், இரண்டு தடவை சொன்னார். அவன் கேட்கவில்லை. சாகணில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஓர் ஆலையில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை கேட்டிருக்கிறான் என்று பேச்சு.

நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவன் பின்னாலேயே போனேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தத்தில் பக்கத்தில் போய் நின்றேன். உன் வேலை போகலையே, ஏன் போகிறாய் என்று கேட்டேன்.

"மூணு நாள் அண்ணா," என்றான். "மூணு நாள் நான் அந்த மெஷினைப் பிரிச்சேன், மாட்டினேன். நீ பத்தடி தள்ளி நின்னு பேப்பர் வெட்டிக்கிட்டிருந்த."

முதல் நாள் எனக்கும் தெரியாது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது என்றேன்.

"சரி, ரெண்டு நாள்."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"புதன்கிழமை காலையில சொல்லியிருந்தா உன்னை நாலு கெட்ட வார்த்தை திட்டியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிச்சிருப்போம். முடிஞ்சிருக்கும். நீ சொல்லலை. சேட் சொன்னப்போ நான் நம்பிட்டேன், அது தெரியுமா உனக்கு? நீ வந்து உண்மையைச் சொன்ன பிறகும், வீட்டுல போய் என் பொண்ணுகிட்ட நூலும் ஊசியும் வாங்கிக் கோத்துப் பாத்தேன், கை நடுங்குதான்னு."

"கோத்தியா?"

"கோத்தேன். அப்பவும் என் கையை நம்பல."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டான். கோபமாகப் போனானா, வருத்தமாகப் போனானா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்தில் எதுவும் இல்லை. அதற்கப்புறம் சாகண் பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். தலையசைப்பான். நானும் தலையசைப்பேன்.

அவன் வேலையைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியுமா? சேட்டைக் கேட்டால் ஆமாம் என்பார். விலாஸைக் கேட்டால் என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற துணிச்சலும் இல்லை. டம்மி பொய்யா என்று யோசிப்பேன். உண்மையான தாள், உண்மையாகவே ஆறு மடிப்பு, என் கையால் மடித்தது. அதில் பொய் எந்த இடத்தில் ஏறியது? வரும் என்று சொன்னபோதா, அமுக்கியபோதா, கையாலதான் என்றபோதா, சாப்பிடு என்றபோதா? ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அவனை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

உங்கள் ஆலையில் மெஷின்கள் புதுசு, எத்தனை மடிப்பு வரும் என்று திரையிலேயே காட்டும் என்கிறார்கள். நல்லது. நான் செய்த தப்பை நீங்கள் செய்ய மாட்டீர்கள். வேறு ஒன்று செய்வீர்கள். அது என்னவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் முதலில் தெரியும், ஒருவேளை ஒரு நாள் முழுக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் பத்தடி தள்ளி ஒருவர் ஒன்றுமில்லாத இடத்தில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று நினைவுக்கு வந்திருந்தால், நான் எழுதியதை மதிக்க வேண்டும் என்று கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டாம். தாளைக் கீழே வைத்துவிட்டு இப்போதே எழுந்து போங்கள். அவர் மெஷினில்தான் இருப்பார்.